பூசை அன்று கை வைத்தவள்

குருவி, நீ போய்விட்டாய் என்று உன் அண்ணன் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணியபோது நான் பட்டறையில் தறிக்கான அட்டை கோத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல்தானே, நாலு நாளில் வந்துவிடுவாய் என்று உன் நாற்காலியைக்கூடத் துடைத்து வைத்திருந்தேன்.

குருவியைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நான் நாலாவதோடு நின்றவள், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். துஷ்டி கேட்க வந்த சாவு வீட்டில் நீங்கள் பேசியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஆயுத பூசை அன்னைக்கு மிசின்ல கை வச்சாள்ல, சாமி கேட்டுருச்சு" என்றீர்கள்.

நடந்தது இதுதான். சேலைக் கரைக்கு டிசைன் போட்டு, தறிக்கு அட்டையில் ஓட்டை அடிக்கிற எங்கள் கம்ப்யூட்டர் அரதப் பழசு. அதை இயக்குகிற சிஸ்டத்துக்கு, செய்த கம்பெனியே இனிப் பொறுப்பில்லை என்று கையை விரித்துப் பல வருடமாகிறது. "ஓடுதுல்ல, விடு" என்பார் முதலாளி. "ஓடும் முதலாளி. விழுந்தா தூக்கிவிட ஆளில்ல" என்பாள், அதில் டிசைன் போடுகிற குருவி. ஒரு பென்டிரைவில் வந்த வைரஸ் பாதி டிசைனைத் தின்ற பிறகுதான் புதுசு வாங்கினார்.

மிச்ச டிசைனைப் புதுசுக்கு மாற்ற, பட்டறை சும்மா கிடக்கும் நாள் வேண்டும். தீபாவளி ஆர்டருக்கு நடுவில் கிடைத்தது ஆயுத பூசை ஒன்றுதான். அன்று எந்த மிசினையும் தொடமாட்டோம்.

"ஏத்தா, ஒரு நாள் பொறுக்க ஏலாதா?" என்றார் முதலாளி.

"நாளைக்கு இந்தப் பழசு கண்ணு முழிக்கலைன்னா ஆர்டருக்கு எங்கிட்டுப் போவீக?" என்றாள். என் பக்கம் திரும்பி, "அக்கா, புதுசுக்கும் சந்தனம் வை. சாமி எந்த மாடலுன்னு கேக்காது."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பழசு, புதுசு இரண்டிலும் ஒரே கரையை அடித்தாள். அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னாள். எனக்கென்ன கம்ப்யூட்டர் தெரியும் என்றேன். "ஓட்டை தெரியுதுல்ல, போதும்." மயில் கரையில் ஒரு ஓட்டை அடைத்திருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். மறுபடி உட்கார்ந்து சரிசெய்தாள்.

சுடுகாட்டில் பால் தெளித்துக் காடாத்து முடிந்த மறுநாளே முதலாளி பழசைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். "பயமா இருக்குத்தா" என்றார்.

"அதுல அடிச்ச அட்டைய நான் கோக்க மாட்டேன்" என்றேன். "அந்தப் புள்ள செத்தது கொசுக்கடிக் காய்ச்சல்ல. சாமி மேல பழி போடாதீக." இத்தனை வருடத்தில் அவர் முகத்துக்கு நேராக நான் பேசியது அதுதான் முதல் தடவை. பழசைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். இந்தத் தீபாவளிக்கு நீங்கள் கட்டப்போகும் சேலையும் அவள் மாற்றிவைத்த டிசைன்தான். கட்டிக்கொண்டு பேசுங்கள்.

யார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் இனி நான் எதையும் ஒப்புக்கொள்வதாக இல்லை. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

ஆனால் பூசை அன்றைக்குக் கடைசி அட்டையை என்னிடம் நீட்டியபோது உன் விரல் சுட்டது. மிசின் சூடு என்று நினைத்துவிட்டேன். அப்போதே உனக்குக் காய்ச்சல் இருந்ததா, குருவி?