உப்பு போகிற தூரம்

ஜாடியிலிருந்து எடுத்த மாவடுவை ஆரோக்கிய ஷீலா வாயில் போட மாட்டாள். குறுக்கே வெட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தோலோரம் கறுத்துச் சுருங்கியிருக்கும். நடுவில் இன்னும் வெள்ளை. "உப்பு பாதித் தூரந்தான் போயிருக்கு" என்பாள். அவள் அம்மா இன்பமேரிக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏன்டி, நான் ஊறப் போட்டது திங்கவா, நீ ஆபரேசன் பண்ணவா? இதோட நாலு போச்சு!"

வயது முப்பத்திரண்டு. பள்ளத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் காரைக்குடி ஆய்வுக்கூடத்துக்குப் போகிறாள். ஜன்னல் சீட்டு கிடைத்தாலும் வேடிக்கை பார்ப்பதில்லை. கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே போவாள். வியர்வையிலும் உப்பு இருக்கிறதாம். கல்யாணப் பேச்சை எடுப்பவர்களிடம், "அயனி உள்ள போய்ச் சேரட்டும், பாப்போம்" என்பாள். கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்காது, எழுந்து போய்விடுவார்கள்.

ஆய்வுக்கூடத்தில் அவள் செய்வதும் ஊறுகாய் வேலைதான். கண்ணுக்கே தெரியாத பொடித் துகள்; ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். அதன்மேல் பாலிமரில் ஒரு தோல் போர்த்துகிறாள். செம்பு கரைந்த தண்ணீரில் விட்டால், செம்பு அயனிகள் அந்தத் தோலுக்குள் மெல்ல நுழையும். துகளைத் தொட்டதும் ஒளி மங்கும். எத்தனை நிமிஷத்தில் மங்குகிறது என்று பார்த்தால், தோல் எவ்வளவு தடுக்கிறது என்று தெரிந்துவிடும். மாங்காய்க்குக் கத்தி, இதற்கு விளக்கு.

நாலு வருஷம் ஒழுங்காக நடந்தது. மூன்று வாரமாக, செம்பே கலக்காத வெறும் தண்ணீரில் துகளை விட்ட சீசாவும் மங்கத் தொடங்கியது. நாள் முழுக்க ஒளிர வேண்டியது, பத்து நிமிஷத்தில் அவிந்த அடுப்பாகிவிடும். துகளை மாற்றினாள், சீசாக்களைக் கொதிக்க வைத்தாள். ஆய்வு வழிகாட்டி சத்தியமூர்த்தி சார் பார்த்துவிட்டு, "தோலு பிய்யுதும்மா, தண்ணி பட்டே துகள் மங்கிருது. எத்தன நாளைக்கு இதையே கட்டிக்கிட்டு அழுவீக? வெள்ளிக்கிழமையோட நிறுத்திட்டு வேற தலைப்பு எடுங்க" என்றார்.

நாலு வருஷ உழைப்பு சாக்கடைக்கு. ஷீலா அழவில்லை. தோலைக் கொஞ்சம் கனமாகப் போட்டுப் பார்த்தாள். இருபது நிமிஷம் கழித்து மங்கியது. இன்னும் கனமாகப் போட்டாள், நாற்பது. "பிய்யுற தோலு இப்படி வரிசை வச்சா பிய்யும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். என்னவோ உள்ளே போகிறது. எது என்றுதான் பிடிபடவில்லை.

வியாழன் மத்தியானம், கூடத்தைப் பெருக்கிச் சீசா கழுவுகிற வீரலட்சுமி, ஷீலாவுக்குப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தாள். தூக்குவாளிக்குப் பக்கத்தில், காகிதத்தில் ஒரு புளி உருண்டை.

"லேபுக்கு எதுக்குக்கா புளி?"

"குடம் விளக்கத்தான். காய்ச்சி வடிக்கிற தண்ணியப் பிடிக்கிற பிளாஸ்டிக் கேனு ஒடஞ்சு மூணு வாரமாச்சு, எழுதிக் குடுத்தும் வரல. நல்ல தண்ணியில்லாம தவிப்பீகளேன்னு எங்க வீட்டுச் செப்புக் குடத்தக் கொண்டாந்தேன். என் கல்யாணச் சீரு! தெனம் புளி போட்டுத் தேச்சு, ராத்திரி பூரா நெறச்சு வச்சு, காலையில ஒங்க பாட்டில்ல ஊத்திர்றேன்."

ஷீலா கையிலிருந்த கவளத்தைத் திரும்ப டப்பாவில் வைத்தாள்.

மறுநாள் காலை, வடிகிறபோதே கண்ணாடிக் குடுவையில் நேராகப் பிடித்த தண்ணீர் ஒரு சீசா, குடத்துத் தண்ணீர் ஒரு சீசா; இரண்டிலும் அதே துகள். பத்தாம் நிமிஷம் குடத்துச் சீசா மங்கியது. மற்றது சாயங்காலம் வரை பச்சையாக நின்றது. சத்தியமூர்த்தி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"தோலு நல்லாத்தான இருக்கு. அதே தலைப்பு இருக்கட்டும். ஆமா, எந்தக் கூறுகெட்டது செப்புக் குடத்துல தண்ணி பிடிச்சது?"

"என் பாட்டிலுக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு நான்தான் சார் கேக்கல."

வாசலில் நின்ற வீரலட்சுமிக்கு முகம் செத்துவிட்டது. விறுவிறுவென்று போய்க் குடத்தைத் தூக்கினாள், தொட்டியில் கவிழ்க்க.

"அக்கா, ஊத்திராதீக! இதுல எம்புட்டுச் செம்புன்னு அளந்து பாக்கணும்."

ஷீலா ஓடிப்போய்க் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிப் பாட்டிலை வாயோரம் வைத்துச் சொட்டு சிந்தாமல் சாய்த்தாள். நிறைந்ததும் இறுக மூடி, சீட்டில் தேதி போட்டாள். கரைசலின் பெயர் எழுதுகிற இடத்தில் 'லட்சுமியக்கா தண்ணி' என்று எழுதி, நான்கு ஓரமும் ஒட்டும்படி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.