மறைத்தவள் நான், சொன்னவர் தம்பி

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்தது ஆறு பேரை. நான் பெற்றது ஐந்து. அந்த ஐந்துக்கும் முன்னால் வளர்த்தது என் தம்பியை. அம்மா போனபோது எனக்குப் பதினொன்று, அவருக்கு இரண்டு. இடுப்பில் பிள்ளையோடு வந்தால் பள்ளிக்கூடத்தில் உட்கார விடமாட்டார்கள். எட்டு வயதில்தான் என்னைச் சேர்த்திருந்தார்கள், மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதக் கை வராது. நான் சொல்லச் சொல்ல என் பேரன் எழுதுகிறான்.

தம்பியை வாடா, போடா என்றுதான் எனக்குப் பேச வரும். அவருடைய முதலாம் ஆண்டு நினைவு மலரில் வருவதால் 'அவர்' என்றே போட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். சரி. இருந்தபோது கொடுக்காத மரியாதையை இப்போது கொடுத்துவிடுகிறேன்.

தம்பி பிறந்தது ராயபுரத்தில், ரயில் போனால் பாத்திரம் அதிரும் ஒற்றை அறை வீட்டில். பதினெட்டு வயதில் துறைமுகத்தில் கரி இறக்கப் போனார். என் பெண்களுக்கெல்லாம் கல்யாணம் முடித்த பிறகுதான் தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொண்டார். நாற்பது தாண்டிப் பிறந்த ஒரே மகள் அவருக்கு. பாப்பா என்றுதான் எல்லோரும் அழைக்கிறோம். வேலை விட்டு வந்ததும் இரண்டு தரம் குளித்து, காதுக்குள் ஈரத்துணி விட்டுத் துடைத்த பிறகே பிள்ளையைத் தூக்குவார்.

பாப்பாவுக்கு ஏழு வயது இருக்கும்போது தம்பிக்கு இருமல் வந்தது. இரண்டு மாதம் நிற்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் டி.பி. என்றார்கள். அடுத்த மாதமே பாப்பாவும் காய்ச்சலில் இளைத்தாள். எக்ஸ்ரே எடுத்தால் அவளுக்கும் அதுதான்.

அன்று நான் செய்ததை இங்கே சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"பொட்டப் புள்ளடா. வெளில தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்? மஞ்சக்காமாலைன்னு சொல்லு."

"நான் இருமிகினே கீறேன். இதுவும் மஞ்சக்காமாலையா?"

"அவளுக்கு மஞ்சக்காமாலை. உனக்கு பீடி."

"நான் பீடியே குடிச்சதில்லியேக்கா."

"இனிமே குடிச்சதா இரு."

சொந்தக்காரர்கள் எல்லோரும் அதை நம்பினீர்கள். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரைப் பீடியை விடச் சொல்லி அறிவுரை சொன்னவர்கள். சொந்த மாமனாரே நாலு பேர் முன்னால் திட்டியிருக்கிறார். தம்பி தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். என் தம்பி வாழ்நாளில் ஒரு பீடி பற்ற வைத்ததில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்பனும் மகளும் ஆறு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே வேலை பார்த்த அம்மா எதிரிலேயே மாத்திரை விழுங்கி, அட்டையில் டிக் வாங்கி வந்தார்கள். ஒரு வேளையும் தவறவில்லை. இருவருக்கும் சுத்தமாகக் குணமானது. அந்த அட்டைகளையும் எக்ஸ்ரே படங்களையும் தம்பி தூக்கிப் போடவில்லை. சுருண்டு போகாமல் கட்டில் பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் வைத்துப் படுத்தார்.

பாப்பா பி.காம். முடித்து, கப்பல் சரக்குக்குக் காகிதம் போடும் ஆபீசில் வேலை பார்த்தாள். அங்கேதான் ஆசை வந்தது. சரக்குக் கப்பல் போக்குவரத்தை இங்கிலாந்தில் ஒரு வருஷம் படிக்கப் போகிறேன் என்றாள். ஏன் படிக்க விரும்புகிறாய் என்று காலேஜுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். அதில் அப்பன் கரி இறக்கியதை எழுதினாள்.

"நான் கரி அள்னத போட்டா சீட்டு குடுப்பானா? தொரத்துவான்" என்றார் தம்பி.

"நீ இறக்குன கப்பல் எத்தினி நாள் வெளிய காத்துகினு நின்னுதுன்னு சொல்வியே நைனா, அதான் என் படிப்பே" என்றாள்.

இங்கிலீஷ் பரீட்சைக்கு வீட்டிலேயே பழகினாள். ஒரு விஷயத்தை எடுத்து இரண்டு நிமிஷம் நிறுத்தாமல் பேச வேண்டும். தம்பி கையில் கடிகாரத்தோடு எதிரில் உட்காருவார். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அவள் திணறினால் கண்டுபிடித்துவிடுவார். "நடுவுல முழிச்ச. மறுபடியும் சொல்லு." அந்த நேரத்தில் டி.வி. கிடையாது, மிக்சி கிடையாது. தம்பி மனைவி சட்னியை அம்மியில் அரைத்தாள். பரீட்சையில் நல்ல மார்க். காலேஜில் இடம் கிடைத்தது, செப்டம்பர் கடைசியில் வகுப்பு.

அதற்குப் பிறகுதான் விசாவுக்கு டி.பி. இல்லை என்று சான்றிதழ் வேண்டும் என்று தெரிந்தது. விண்ணப்பத்துக்கு உதவிய வண்ணாரப்பேட்டைப் பையன் சாதாரணமாகச் சொன்னானாம். "சும்மா ஒரு எக்ஸ்ரே அங்கிள். ஆகஸ்ட்ல எடுத்துக்கலாம். முன்னாடி வந்திருக்கான்னு கேட்டா இல்லைன்னுடுங்க."

தம்பி நேராகத் திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்தார். நானும் அந்தப் பையன் சொன்னதையே சொன்னேன்.

"இத்தினி வருஷம் மூடி வச்சது. இப்ப நீ வாயத் தொறந்தா சீட்டும் போச்சு, அவ கல்யாணமும் போச்சு."

"நாம இல்லைன்னு சொல்லலாம்க்கா. படத்துல தழும்பு தெரியுமே."

"தெரியலன்னா?"

"தெரிஞ்சா? பொய் சொன்னவன்னு எழுதிடுவான். அப்பால எந்த ஊரும் உள்ள வுடாது. குடிக்காத பீடிக்கு இத்தினி வருஷம் திட்டு வாங்கினேன். அவளுக்காகத்தான் வாங்கினேன். இப்பவும் அவளுக்காகத்தான் சொல்லப் போறேன்."

"சொன்னா என் வூட்டு வாசப்படி மிதிக்காத."

அறுபத்து நாலு வருஷத்தில் என் பேச்சை அவர் தட்டியது அந்த ஒருமுறைதான். எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் வரை காத்திருக்கவில்லை. ஜூன் மாதமே பாப்பாவை அந்தச் சான்றிதழ் கொடுக்கும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மெத்தைக்கு அடியில் இருந்ததையெல்லாம் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டார். அங்கே நடந்ததைப் பாப்பா அன்று ராத்திரியே எனக்குப் போனில் சொன்னாள். முன்பு டி.பி. வந்திருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டதும் இவள் அப்பன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாளாம். தம்பி முந்திக்கொண்டாராம். "எனக்கு வந்துச்சும்மா. என்கிட்டருந்து இவளுக்கு வந்துச்சு. முழு மாத்திரையும் சாப்ட்டோம். இந்தாங்க." டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். தழும்பு இருந்தது. வளரவில்லை. ஆனாலும் மூன்று நாள் காலையில் சளி எடுத்துக் கொடுக்க வேண்டும், அதில் கிருமி வளர்கிறதா என்று எட்டு வாரம் வைத்துப் பார்ப்போம் என்றாராம்.

"கிளாஸ் எப்போ?"

"செப்டம்பர் கடைசி மேடம்."

"அப்போ டைம் இருக்கு. ஆகஸ்ட்ல வந்திருந்தா இந்த வருஷம் போயிருக்க முடியாது."

அந்த எட்டு வாரம் தம்பி என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. தினம் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது மட்டும் வாரத்தை எண்ணிக்கொள்வேன்.

ஒன்பதாவது வாரம் வாசலில் நிழல் தெரிந்தது. தம்பி படிக்கு வெளியே நிற்கிறார், கையில் காகிதம்.

"உள்ள வாடா."

"மிதிக்கக் கூடாதுன்னியே."

"ஆமா, நான் சொல்றத கேட்டு கிழிச்சவன் மாதிரிதான்!"

கிருமி இல்லை. சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். தம்பி என் கட்டிலில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார்.

விசா வந்தது. வண்ணாரப்பேட்டையில் வாங்கிய குளிர் கோட்டை முதலில் தம்பிதான் போட்டுப் பார்த்தார். "இதுக்குள்ள அரிசிய போட்டா சோறு வெந்துடும்" என்று சிரித்தார். செப்டம்பரில் பாப்பா விமானம் ஏறினாள். தை மாதம் தம்பி காலையில் பல் துலக்கிக்கொண்டே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவர், எழவில்லை. பாப்பா போனில்தான் அப்பன் முகத்தைப் பார்த்தாள். வந்துவிடுகிறேன் என்று அழுதவளை, படிப்பை முடித்துவிட்டு வா என்று நான்தான் சொன்னேன். முடித்துவிட்டாள். அங்கேயே ஒரு துறைமுகத்தில் வேலையும் கிடைத்திருக்கிறது. முதலாம் ஆண்டு காரியத்துக்கு வருகிறாள்.

அன்று மாத்திரை கொடுத்த அம்மாவுக்கு நன்றி. பழைய படத்தைப் பொறுமையாகப் பார்த்த டாக்டரம்மாவுக்கு நன்றி. மூன்று நாளும் விடியற்காலையில் அழைத்துப் போய்க் காத்திருந்த எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பிக்கும், காரியத்தில் தோள் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நம் சொந்தத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வையுங்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சீக்கிரம் போங்கள்.

இதை மலரில் போடலாமா என்று பாப்பாவைப் போனில் கேட்டேன். "தாராளமா போடு அத்தே. அதால ஓடற மாப்பிள்ள ஓடட்டும், எனக்கு வேலை மிச்சம்" என்றாள்.

பேரன்தான் நோயின் பெயர் வரும் இடத்தில் கையை நிறுத்தினான். "ஆயா, உடல்நலக் குறைவுன்னு போட்டுடவா? எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

வேண்டாம்டா. டி.பி.ன்னே போடு. போட்டியா? எங்க, படிச்சிக் காட்டு. சத்தமா படி, பக்கத்து வூட்டுக்கும் கேக்கட்டும்.