மாலை விழுந்த கார்ட்டூன்

மரக்காணம் பெட்ரோல் பங்க் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது போனில் ஒரு கார்ட்டூன் வந்து விழுந்தது. நம் பக்கத்துத் தலைவர் ஒருவர் பெட்ரோல் கேனைக் குதிரையாக்கி ஏறி உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு தலைவர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். கம்ப்யூட்டரே வரைந்ததாம். மூக்கும் முழியும் அச்சு அசல். எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் ஒரு காலத்தில் கார்ட்டூனிஸ்ட்தான், சிரிக்காதீர்கள்.

அப்போது எனக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை. அளத்துக்குப் போகும் வழியில் இருந்த டீக்கடைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. பேப்பர் வாங்கிப் போடக் கடைக்காரருக்கு மனசு வராது. அதனால் தலைப்புச் செய்திகளை நான் சாக்பீஸால் எழுதிவைப்பேன். எழுதி அலுத்துப்போன ஒருநாள் படம் போட்டேன். அன்றைக்கு டீ ஓசி. ஓவியன் ஒருவன் பிறக்க வேறென்ன வேண்டும்?

டீசல் வாசனை வந்தால் எனக்குப் பாக்கியநாதன் ஞாபகம்தான். உப்பங்கழியிலிருந்து பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிற இன்ஜினை ஓட்டியவன். கையில் டீசல் நாறுமென்று டீ கிளாஸைத் துண்டு நுனியால்தான் பிடிப்பான். டீசல் விலை ஏற ஏற, முதலாளி இன்ஜின் ஓடும் நேரத்தைக் குறைத்தார். அவன் கூலியும் குறைந்தது. இன்னும் ஏறினால் இன்ஜினையே விற்றுவிடுவேன் என்றும் முதலாளி சொல்லிவிட்டார்.

"ஏம்பா, நம்ம தலைவரு உப்பளத்துக்கு மானிய டீசல் தர்றேன்னு ஓட்டு வாங்கினாரே, அவரைப் போடேன். பார்த்தார்னா எதனா செய்வாரு" என்றான் பாக்கியநாதன்.

போட்டேன். டீசல் பேரல்மேல் தலைவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். கீழே மூலையில், முதுகை வளைத்து இன்ஜின் கைப்பிடியைச் சுற்றுகிற பாக்கியநாதன். "என் முதுகு இவ்ளோ வளைஞ்சா இருக்குது?" என்று குறைப்பட்டுக்கொண்டவன், சாயங்காலமே பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினான்.

கட்சிக்காரர்கள் வந்தால் உதை விழும் என்று பயந்திருந்தேன். வந்தார்கள். "தலைவர் மீசை அப்படியே வந்திருக்குதுடா!" என்று பூரித்துப் போனார்கள். பேரல் அவர்கள் கண்ணுக்குச் சிம்மாசனம், குறட்டை ஆழ்ந்த சிந்தனை. மறுநாள் ஒருவர் பலகைக்குச் சாமந்தி மாலை போட்டார். இன்னொருவர் ஊதுவத்தி கொளுத்தினார். "அண்ணே, இது கிண்டலுக்கு..." என்று நான் ஆரம்பிக்கும்போதே கடைக்காரர் என் காலை மிதித்தார். "வாய மூடுப்பா, இவங்களால வடை போய்க்கினு இருக்குது."

அந்த வாரமே, பெருமுக்கல் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன தலைவரின் கார் கடை வாசலில் நின்றது. பாக்கியநாதன் முகம் கழுவி, துவைத்த சட்டை போட்டு, பலகைக்குப் பக்கத்தில் தயாராக நின்றான். தலைவர் படத்தைப் பார்த்தார். பேரலைப் பார்த்தார், குறட்டையைப் பார்த்தார். கோபமே இல்லை. "நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று சிரித்தார். அப்புறம்தான் மாலை கண்ணில் பட்டது. ஊதுவத்தியும் புகைந்துகொண்டிருந்தது.

"டேய், நான் இன்னும் உயிரோடதான்டா இருக்கேன்! யார்றா மாலை போட்டது?"

கூட வந்தவர்கள் அலறி அடித்துக்கொண்டு துணி தேடினார்கள். பாக்கியநாதன் தோளில் கிடந்த துண்டுதான் கைக்கு எட்டியது. அதை உருவி, டீக்கடைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார்கள். முதலில் தலைவர் போனார், பிறகு பேரல், கடைசியாக இன்ஜினும் அதைச் சுற்றியவனும். "ஐயா, அந்த மானிய டீசலு..." என்று பாக்கியநாதன் வாய் திறந்தான். கார் கதவு சாத்திக்கொண்டது.

துண்டைப் பிழிந்தான். வெள்ளையாகத் தண்ணீர் வழிந்தது. "என்னையும் சேர்த்துத் தொடச்சிட்டானுங்கடா" என்று சிரித்தான். எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த சீசனுக்கு முன்பே இன்ஜின் விலைக்குப் போய்விட்டது. அவன் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் ஆனான். டீக்கடை இப்போது செல்போன் கடை. கரும்பலகை கொஞ்ச நாள் யார் வீட்டுக் கோழிக்கூண்டுக்கோ கதவாக இருந்தது, இப்போது அதுவும் இல்லை. தலைவரும் காலமாகிவிட்டார். மகனுடைய ஆபீசில் அவர் படத்துக்குத் தினமும் மாலை விழுகிறது, யார்றா போட்டது என்று திட்டத்தான் ஆளில்லை.

வரிசை நகர்வதற்குள் அந்தக் குதிரைக் கார்ட்டூனைப் பாக்கியநாதனுக்கு அனுப்பினேன். வண்டிக்குப் பெட்ரோல் போட்டு முடிப்பதற்குள் அவன் குரலில் பதில் வந்துவிட்டது.

"படம் சூப்பரா இருக்குதுடா. பெருசு பண்ணி நாலு மூலையும் தேடிட்டேன். நான் எங்கடா?"