கேள்விக்குறி போட்ட பறவை

அந்தப் பறவை எங்கள் தலைக்கு மேல் தாழப் பறந்து போனபோது என் தோளில் நான்கு மாதக் குழந்தை இருந்தது. வெறும் தலை. அவசரத்தில் குல்லாய் மாட்ட மறந்துவிட்டேன். சூரியன் தென்னந்தோப்புக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தி நேரத்தில் பறவையின் நிழல் பச்சைக் குழந்தை மேல் விழுந்தால் பட்சி தோஷம் என்பார்கள். குழந்தை பச்சையாகப் போகும், கால்களைப் பின்னிக்கொள்ளும், அழக்கூடத் தெம்பில்லாமல் இளைத்துக்கொண்டே போகும். குழந்தையின் துணியில் நிழல் பட்டாலும் போதும். அதற்காகவே ஐந்து மணியானால் என் மாமியார் கொடியில் காயும் குழந்தைத் துணிகளை எல்லாம் வாரிக்கொண்டு உள்ளே ஓடுவார்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவர். அம்மாவின் ஓட்டத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்காது. "சூரியனுக்கு நேரா காக்கா பறந்தா அது கிரகணமாம்மா?" என்பார். "நீ பூகோளத்தைப் பாத்துக்கோ, நான் குழந்தையைப் பாத்துக்கறேன்" என்பார் மாமியார். நான் யார் பக்கமும் பேசமாட்டேன். சிரிப்பு வந்தால் அடுக்களைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவேன்.

ஏரியைத் தூர்த்து மாம்பலத்தில் புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. மனைகளுக்கு நடுவில் அங்கங்கே குட்டைகள் மிச்சம் இருந்தன. புதிதாகப் போட்ட பார்க்கில் செடிகள் முழங்கால் உயரம்கூட வளரவில்லை. புரட்டாசி பிறந்ததும் வடக்கேயிருந்து பறவைகள் வர ஆரம்பிக்கும். முதலில் வாலாட்டிக் குருவி வரும்; அப்புறம் உள்ளான்கள். அவற்றைப் பார்க்க இவர் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய பைனாகுலர் வாங்கி வந்திருந்தார். ஜெர்மன் சண்டையில் எந்தச் சிப்பாயின் கழுத்தில் தொங்கியதோ, ஒரு பக்கத்துக் கண்ணாடி விரிசல். ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். பார்த்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார்: நாள், இடம், பறவையின் பெயர். பெயர் தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வேலி மேல் உட்கார்ந்து நாள் முழுக்கக் கரகரவென்று திட்டிக்கொண்டே இருந்த கீச்சானுக்கு நான் 'மாமியார் குருவி' என்று பெயர் வைத்தேன். அதையும் எழுதிக்கொண்டார். அந்த நோட்டு மாமியார் கையில் கிடைத்துவிடக் கூடாதே என்பதுதான் அதுவரை எனக்கு இருந்த பெரிய பயம்.

ஐப்பசியில் ஒரு நாள் மாமியார் காலட்சேபம் கேட்க மயிலாப்பூர் போயிருந்தார். இவர் பார்க்கிலிருந்து ஓடி வந்தார். "சீக்கிரம் வா, கிளுவைக் கூட்டம் வந்திருக்கு. ஏரியைக் காணோம்னு மேலயே சுத்திண்டிருக்குடி. குழந்தையையும் தூக்கிண்டு வா!"

போனேன். என்னை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆசைப்பட்டுத்தான் போனேன்.

வடக்கேயிருந்து வரும் அந்தச் சின்ன வாத்துகள் பார்க்குக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றின. கீழே வீட்டு ஓடுகளும் ரோடும்தான் இருந்தன. பிறகு அடையாற்றுப் பக்கமாகத் திரும்பிவிட்டன. நாங்கள் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுப் பக்கமிருந்து அது வந்தது. ஒற்றைப் பறவை. பருந்தளவு இருக்கும். நீளமாக ஒரு விசில் கொடுத்தபடி தலைக்கு மேலே போயிற்று. நிழல் குழந்தையின் முகத்தில் நெற்றியிலிருந்து மோவாய் வரை நகர்ந்ததை நான் பார்த்தேன். குழந்தை கண்ணைக் கொட்டியது.

"அலகைப் பார்த்தியா? வளைஞ்சிருந்ததா, நேரா இருந்ததா?" என்று இவர் கேட்டார்.

நான் அலகை எங்கே பார்த்தேன்? அன்று நோட்டில் பெயர் எழுதும் இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். மாமியார் திரும்பி வந்து, "குழந்தையை வெளியில எடுத்தியோ?" என்றார். "இல்லையே" என்றேன்.

மூன்றாம் நாள் குழந்தைக்கு ஜுரம் வந்தது. நான்காம் நாள் பச்சையாகப் போயிற்று. பால் குடிக்கவில்லை. துணி மாற்றும்போது பார்த்தேன், கால்கள் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. பிரித்துவிட்டேன். மறுபடி பின்னிக்கொண்டன. மாமியார் கண்ணில் படாமல் காலைத் துணியால் மூடினேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. டாக்டர் வந்து பாட்டிலில் மருந்து கொடுத்தார். ஸ்பூனில் ஊற்றியதெல்லாம் கடைவாய் வழியாக வெளியே வந்தது.

இந்த நிலையில் என் கணவர் செய்த காரியத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வருவார், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், பைனாகுலரை எடுத்துக்கொண்டு பார்க்குக்குப் போய்விடுவார். இருட்டின பிறகுதான் திரும்புவார். இரண்டாம் நாளும் கிளம்பியபோது என்னால் பொறுக்க முடியவில்லை. "குழந்தை இப்படிக் கிடக்கறது, பறவை பாக்கற நேரமா இது? நீங்க மனுஷர்தானா?" என்று கத்தினேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அந்தப் பைனாகுலரைக் கிணற்றில் போட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் மாமியார் குழந்தையின் காலைப் பார்த்துவிட்டார். "ஜட்காவைக் கூப்பிடு" என்றார்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் பாய் ஒருவர் இருந்தார். குழந்தைகளுக்கு ஓதி ஊதுவார், கயிறு கட்டுவார். எல்லா ஜாதிக் குழந்தைகளும் அவரிடம் வரும். துருத்தியை நிறுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையின் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"பட்சிதாம்மா. இன்னா பட்சி? ஒத்தையா வந்துச்சா, கூட்டமா வந்துச்சா?"

மாமியார் என்னைப் பார்த்தார். சொன்னால் வீட்டில் என் கதி என்ன ஆகும்? சொல்லாவிட்டால் குழந்தை?

"ஒத்தையா வந்தது" என்றேன். "நான்தான் பார்க்குக்குத் தூக்கிண்டு போனேன். இல்லைன்னு பொய் சொன்னேன். என்ன பறவைன்னு தெரியலை."

பாய் என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, அதிசயமா கீது. ரெண்டு நாளைக்கு முன்னால ஒரு ஐயரு வந்தாரு. பள்ளிக்கூடத்து வாத்தியாராம். நாலு மாசக் கொயந்த, பார்க்கு, ஒத்தைப் பட்சின்னு இதே கதைதான் சொன்னாரு. பொஞ்சாதி மேல தப்பு இல்ல, நாந்தான் இட்டுகினு போனேன்னு ஒரே அழுகை. இன்னா பட்சின்னு சொன்னாத்தான் அதுக்கேத்த மாதிரி ஓத முடியும்னேன். தெரிஞ்சிகினு வரேன்னு போனவருதான். தெனம் அந்தியில அதே எடத்துல போய் நின்னுகினு பாக்கறேன்னு சொன்னாரு, அது திரும்பி வருமான்னு."

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அவனா வந்தான்?" என்று மட்டும் கேட்டார்.

பாய் பெயர் தெரியாமலே ஓதினார். குழந்தையின் உச்சியில் மூன்று தரம் ஊதி, இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டினார். ஜட்காவில் திரும்பி வரும்போது மாமியார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, புடவைத் தலைப்பால் அதன் தலையை மூடினார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று இருட்டின பிறகு இவர் நனைந்து வந்தார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"ஏன்னா, தெரிஞ்சுதா?" என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. "வரலைடி" என்றார். "மூணு நாளா நிக்கறேன். எல்லாம் வரது. அது மட்டும் வரலை." ஈர வேட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் அவர் தலையைத் துவட்டினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த இரண்டு ராத்திரி மூன்று பேரும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் குழந்தைக்கு வியர்த்தது. ஜுரம் இறங்கி, பாலுக்கு வாயைத் திறந்தது. டாக்டரின் மருந்தா, பாயின் கயிறா என்று இவர் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குறி நோட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த ஐப்பசியிலும் நாங்கள் பறவை பார்த்தோம், காலையில் மட்டும். எங்களுக்கு இன்னும் இரண்டு குழந்தைகள் பிறந்தன. பட்சி தோஷம் உண்டா, இல்லையா என்று அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு எத்தனை களைப்பாக வந்தாலும், ஐந்து மணிக்கு முன்னால் கொல்லைப்புறம் போய், கொடியில் கிடக்கும் குழந்தைத் துணிகளை ஒன்று விடாமல் எண்ணி எடுத்துக்கொண்டு வந்தது அவர்தான்.