நடுவில் யார் நிற்பது

எங்கள் வீட்டில் இரண்டு பேர். நாயைச் சேர்த்தால் மூன்று. சேர்க்கலாமா கூடாதா என்பதில் எனக்கு நெடுநாள் குழப்பம் உண்டு. நான் வேலை பார்த்தது மக்கள் தொகைக் கணக்கெடுப்பில். ஒரே கூரையின்கீழ் வசித்து, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படிப் பார்த்தால் நாய்க்கு இருக்கிற தகுதிகூட எனக்கு இல்லை. எனக்கு உப்பில்லாத சாப்பாடு தனியாக ஆகிறது. நாய்க்கும் என் மனைவிக்கும்தான் ஒரே சட்டி.

நாய் பாதி பொமரேனியன், மீதி இரும்புலியூர்த் தெரு. மகள் கல்லூரியில் படிக்கும்போது பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பிறகு கல்யாணமாகிக் கனடாவுக்குப் போனாள். போகும்போது எடுத்துச் சென்ற பெட்டிகள் நான்கு. நாய் அதில் இல்லை. இப்போது அதற்கு வயது பதினொன்று. ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். இரண்டுமே சரியாகக் கேட்காது.

சென்ற மாதம் அதன் வயிற்றில் கட்டி இருப்பதாக டாக்டர் சொன்னார்.

"எடுத்துடலாம் சார். எடுக்கறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. வயசாயிடுச்சு, மயக்கத்துலேருந்து நல்லபடியா எழுந்துக்கணும். அதான்."

திங்கட்கிழமை அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. அன்று சாயங்காலம் மனைவி மகளிடம் போனில் பேசினாள். பேச்சு முடிந்ததும் என்னிடம் போன் வந்தது.

"அப்பா, சனிக்கிழமை போட்டோ எடுக்கப் புக் பண்ணியிருக்கேன். சேலையூர்ல. நாய்க்குன்னே ஸ்டூடியோப்பா. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்துடலாம்."

"உங்கம்மா போன்ல ஆயிரத்து நானூறு படம் இருக்கே."

"அதுல பாதி வால்தான் தெரியுதுப்பா. நீங்க மூணு பேரும் சேர்ந்து இருக்கற மாதிரி ஒண்ணாவது இருக்கா?"

தேடிப் பார்த்தேன். இல்லை. ஒவ்வொரு படத்திலும் நாய் இருந்தது. நானோ மனைவியோ ஒருவர் இருந்தோம். மற்றவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை ஆட்டோ வந்தது. ஓட்டுநர் நாயையும், அதற்குச் சீவி விட்டிருந்த முடியையும், என் இஸ்திரிச் சட்டையையும் பார்த்தார்.

"இன்னா சார், ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லப்பா. போட்டோ எடுக்க."

"நாய்க்கு ஆதாரா?"

"சும்மாதான். ஸ்டூடியோவுல."

அவர் கண்ணாடியில் நாயை இன்னொரு தடவை பார்த்தார். "என்னிய எங்க வூட்ல கல்யாணத்தப்போ ஸ்டூடியோவுக்கு இட்டுகினு போனதோட சரி. இதுக்கு வந்த வாழ்வப் பாரு சார்."

"ரோட்டப் பாத்து ஓட்டுப்பா," என்றாள் மனைவி.

ஸ்டூடியோ ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் இருந்தது. நாய் படி ஏறாது. நான் தூக்கினேன். வயிற்றைப் பிடிக்காதீங்க, கழுத்தைப் பிடிக்காதீங்க, மூச்சு முட்டுது பாருங்க என்று மனைவி பின்னாலேயே வந்தாள். மூச்சு முட்டியது எனக்கு.

மேலே சுவர் முழுக்க நாய்ப் படங்கள். இருபத்து மூன்று. அதில் ஒன்பது கண்ணாடி போட்டிருந்தன. ஒன்று பட்டு வேட்டியில் மாப்பிள்ளை, ஒன்று கறுப்பு அங்கியில் வக்கீல். உடை எதுவானாலும் எல்லா முகத்திலும் ஒரே களை இருந்தது. கோயிலில் திரை விலகித் தீபாராதனை காட்டும்போது முன் வரிசையில் நிற்பவர்களிடம் காணும் களை. எப்படி இருபத்து மூன்று நாய்களும் ஒரே மாதிரிப் பார்க்கும் என்று எனக்கு உறுத்தியது.

எங்களுக்கு முன்னால் மேடவாக்கத்திலிருந்து வந்த ஒரு லேப்ரடார், பட்டுப் பாவாடை கட்டி உட்கார்ந்திருந்தது. அதன் அம்மாவாக இருந்த பெண்மணி என் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தார்.

"எங்க பாப்பாவுக்கு இன்னிக்கு பர்த்டே. உங்களுக்கு என்ன விசேஷம்?"

"சும்மாதான்," என்று மனைவி நாயின் மடிந்த காதை நிமிர்த்தினாள். விட்டதும் அது மடிந்துகொண்டது.

போட்டோ எடுக்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கறுப்பு பனியன் முழுவதும் பல நிற முடி. பைக்குள் கையை விட்டு, அமுக்கினால் கீச்சென்று கத்தும் ரப்பர் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஐந்து பொம்மைகளும் கத்தின. எங்கள் நாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிஸ்கட் காட்டினாள். அது கண்ணை மூடிக்கொண்டது. எனக்குக் கவலை ஆயிற்று. மூடிய கண்ணோடு படம் எடுத்தால் அது எப்படித் தோன்றும் என்று எங்கள் வயதில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

"டென்ஷன் ஆகாதீங்க அங்கிள். பதினொண்ணே காலுக்குத் தம் உடைப்பாங்க," என்றாள் அந்தப் பெண்.

"யாரு?"

"கீழ பாய். அண்டா மூடியத் திறந்தார்னா வாசம் நேரா இந்த ஜன்னல்லதான் வரும். எல்லா பசங்களும் காதைத் தூக்கி ஒரு லுக்கு விடுவாங்க பாருங்க. நான் முக்கியமான ஷாட்டெல்லாம் அப்பத்தான் எடுப்பேன்."

சுவரைப் பார்த்தேன். இருபத்து மூன்றுக்கும் காரணம் புரிந்தது.

"அதுக்காகவே இந்த இடத்தைப் பிடிச்சியாம்மா?"

"இல்ல அங்கிள். நாய் வரும்னு சொன்னதும் வேற யாரும் இடம் தரல. பாய்தான் சொன்னார், வாசம் நாய்க்கு, சோறு மனுஷனுக்கு, எனக்கென்ன போச்சுன்னு." ஜன்னலில் தலையை நீட்டினாள். "பாய், இன்னும் எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம்மா," என்று கீழிருந்து குரல் வந்தது. "இன்னிக்கு என்ன ஜாதி?"

"பொமரேனியன்."

"பாதி," என்றேன்.

அந்தப் பெண் வட்ட ஸ்டூலில் நாயை உட்கார வைத்தாள். "ஆன்ட்டி இந்தப் பக்கம், அங்கிள் அந்தப் பக்கம், நடுவுல செல்லம். தம் உடைச்சதும் ஒரே கிளிக்." நாங்கள் நின்றோம். நான்கு விளக்குகளும் எரிந்தன. அப்போதுதான் மனைவி நகர்ந்து வெளியே வந்தாள்.

"மூணு பேரா எடுக்கக்கூடாது."

மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட மூன்று பேர் இருக்கிற படம் கிடையாது. மற்ற நாளாக இருந்தால் நான் விவாதித்திருப்பேன். திங்கட்கிழமையை வைத்துக்கொண்டு நாயை நடுவில் நிறுத்த எனக்கும் மனம் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. "மூணு பேர் எங்க ஆன்ட்டி? ரெண்டு பேர், ஒரு நாய்தானே?"

"அப்போ இது யாரும்மா?" என்றாள் மனைவி.

நான் சமாதானமாகச் சொன்னேன். "ஆபீஸ் விதிப்படி மனுஷாளைத்தான் தலைக்கணக்கில்..."

"உங்க ஆபீஸை இங்க கொண்டுவராதீங்க."

"சரி, நான் நடுவுல நிக்கறேன்."

"பிரஷர் நூத்தி அறுபதை வெச்சுக்கிட்டு நடுவுல நிக்கறாராம்."

"அப்போ நீ நில்லு."

மூன்று பேரை மூன்று விதமாக நடுவில் நிறுத்தலாம், அதில் இரண்டு தள்ளுபடியானதால் மூன்றாவதைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வையில் கணக்குக்கு இடம் இல்லை.

"எனக்கு ஏதாவது ஆனா பரவாயில்ல," என்றாள் மெதுவாக. "சொல்லிட்டீங்க, நல்லது."

அந்தப் பெண் இடையில் புகுந்தாள். "தனித்தனியா எடுத்து கம்ப்யூட்டர்ல சேர்த்துடறேன் ஆன்ட்டி. கண்டே பிடிக்க முடியாது."

"ஒட்டுப்போட்டா?" மனைவி நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூணு பேரும் ஒண்ணா இருக்கற மாதிரி ஒரு படம்கூட எங்ககிட்ட இல்லம்மா. அதுக்குத்தான் வந்தோம். திங்கக்கிழமை இதுக்கு ஆபரேஷன்."

நாலாவதாக ஒரு ஆள் நின்றால் பிரச்சினை தீரும். லேப்ரடார் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்றால் அவர்கள் போய்விட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணே வந்து நிற்கலாம் என்றால் படம் எடுக்க ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கீழிருந்து குரல்: "அம்மா, உடைக்கப்போறேன்."

"பாய், நீங்க உடைக்காதீங்க. வேற யாரையாவது உடைக்கச் சொல்லிட்டு மேல வாங்க. அவசரம்."

பாய் வந்தார். ஐம்பது வயது, கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு. நெற்றியெல்லாம் வியர்வை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் விஷயத்தைச் சொன்னோம். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்க உம்மாவும் இப்படித்தான். மூணு பேர் நின்னா பக்கத்து வீட்டுப் புள்ளையப் புடிச்சு இழுத்து நிறுத்திடும். எங்க வீட்டு ஆல்பம் முழுக்க பக்கத்து வீட்டுப் புள்ளைங்கதான்." பிறகு நாயைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "சார், நான் உங்களுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன். நாய் வாய் பட்டுடுச்சுன்னா ஏழு தடவ கழுவணும். மதியம் லுஹர் தொழுகைக்கு நேரமாயிடும். தப்பா எடுத்துக்காதீங்க."

ஏழு என்று சரியாக ஒரு எண் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. மனைவி, நாய், நான், பாய் என்று வரிசையாக நின்றோம். நான்கு பேர் நின்றால் நடுவில் இருப்பது வெறும் காற்று. நாய்க்கும் எனக்கும் இடையில் இருந்த அந்த இடத்தை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டேன். மனைவியும் எட்டிப் பார்த்தாள். திருப்தியானாள்.

கீழே மூடி திறக்கும் சத்தம் கேட்டது. வாசம் ஜன்னல் வழியாக வந்தது. எங்கள் நாயின் மூக்கு ஆடியது, முதுகு நிமிர்ந்தது. பதினொரு வருடமாக மடிந்தே இருந்த காது எழுந்தது. ஆனால் அது கேமராவைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, என்னைத் தாண்டி, அண்டாவே நடந்து வந்து நிற்பதுபோல் பாயை அண்ணாந்து பார்த்தது.

"பாய், உங்களையே பாக்குதே."

"நான் என்னம்மா பண்றது? வெடியக் காலைலேருந்து அடுப்புகிட்ட நிக்கறேன்."

"துண்டக் குடுங்க."

அவர் தூக்கிப் போட்டார். அந்தப் பெண் அதைக் கேமராவின் கழுத்தில் சுற்றிக் கட்டினாள். நாயின் தலை துண்டோடு போய், துண்டோடு நின்றது. மனைவி சிரித்துவிட்டாள். அப்போது எடுத்த படம்தான் அது.

திங்கட்கிழமை கட்டியை எடுத்தார்கள். தையல் பதினாறு. மயக்கம் தெளியச் சாயங்காலம் ஆயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்து மூலையில் படுக்க வைத்தோம். கண் திறந்தது, ஆனால் எழவில்லை, சாப்பிடவில்லை.

"சாப்பிட ஆரம்பிச்சாத்தான் நான் எதுவும் சொல்ல முடியும்," என்றார் டாக்டர்.

மனைவி தயிர்சாதம் வைத்தாள், இட்லி வைத்தாள், கோழியை உப்பில்லாமல் வேகவைத்து வைத்தாள். தட்டு போனபடியே திரும்பி வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை குறைந்தால் பயம், கூடினாலும் பயம். "நீங்க எண்றதே அதுக்குத் தொந்தரவு, வெளியே போயிட்டு வாங்க," என்று மனைவி துரத்தினாள். படம் தயாராகிவிட்டதாக அந்தப் பெண் செய்தி அனுப்பியிருந்ததால் சேலையூர் போனேன்.

அந்தப் பெண் படப்பைப் பக்கம் வேறு ஒரு நாயைப் படமெடுக்கப் போயிருந்தாள். சட்டம் போட்ட படத்தைப் பாயிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கண்ணாடி உடையாமல் இருக்க அவர் தன் துண்டைச் சுற்றிக் கல்லாவுக்குக் கீழே வைத்திருந்தார்.

"நம்ம ஆளு எப்படி இருக்கு சார்?"

"எதையும் தொட மாட்டேங்குது."

அவர் அண்டாவுக்குள் கரண்டியை விட்டார். "ஒரு எலும்பு கட்டித் தரவா?"

"மசாலா கூடாதுன்னுட்டார் டாக்டர்."

"அப்ப துண்டோட எடுத்துட்டுப் போங்க. கண்ணாடிக்கு நல்லது."

வீட்டுக்கு வந்து படத்தைத் துண்டோடு கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பியபோது மனைவி என் கையைப் பிடித்தாள். மூலையில் படுத்திருந்த நாயின் மூக்கு அசைந்தது. முன்கால் ஊன்றியது. பின்கால் நடுங்கியது. ஒருமுறை சரிந்து, மறுபடி எழுந்து, கூடத்தைக் குறுக்கே கடந்து வந்து துண்டுக்குள் முகத்தை விட்டது. துண்டு நழுவியது. கண்ணாடியை நக்க ஆரம்பித்தது. நக்கியது பாயின் முகத்தை. நல்லவேளை, நடுவில் கண்ணாடி இருந்தது.

மனைவி சத்தமில்லாமல் போய்த் தயிர்சாதத் தட்டைக் கொண்டுவந்து துண்டின் மேல் வைத்தாள். நாய் எங்கள் இருவரையும் பார்த்தது, தட்டைப் பார்த்தது, சாப்பிட்டது. பாதித் தட்டு. டாக்டருக்கு நான்தான் போன் செய்தேன். எண்ணிச் சொல்லவேண்டிய எதுவும் அப்போது என் நினைவுக்கு வரவில்லை. "சாப்பிட்டுது சார், சாப்பிட்டுது" என்று மட்டும் சொன்னேன்.

படத்தை மாட்ட ஆணி தேடியபோது, என் பெற்றோரும் அவள் பெற்றோரும் மாலையோடு இருக்கும் சுவரில் இடம் இருக்கிறது என்றேன். "அங்க வேண்டவே வேண்டாம்," என்றாள். கடைசியில் நாயின் தட்டுக்கு மேலே, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஆணி அடித்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்துதான் பார்க்கவேண்டும். குனிந்தவர்கள் எல்லோரும், கடைசியில் நிற்கிறவர் யார், உறவா என்று கேட்கிறார்கள். "நாலாவது ஆள்," என்று சொல்லிவிட்டு மனைவி காப்பி போடப் போய்விடுகிறாள்.

துண்டைத் துவைக்க அவள் விடவில்லை. அது பக்கத்தில் இருந்தால்தான் நாய் சாப்பிடுகிறது. வாசம் போய்விட்டது என்று அவளுக்குத் தோன்றினால் நான் சேலையூருக்குப் போய்ப் பாயிடம் வேறு துண்டு வாங்கிவர வேண்டும். நாய் நக்கியதை அவர் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. இதுவரை நான்கு துண்டு ஆகிவிட்டது. எனக்கே கூச்சமாகி, சென்ற வாரம் தாம்பரம் மார்க்கெட்டில் ஆறு புதுத் துண்டுகள் வாங்கிக்கொண்டு போனேன்.

பாய் ஒன்றைப் பிரித்துத் தோளில் போட்டுப் பார்த்தார்.

"நல்ல துண்டுதான் சார். ஆனா இதுல வாசம் ஏற ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் உங்க ஆளைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."