தையல்காரரின் சர்க்கரை

மருத்துவமனையில் அவளுக்குத் துருவி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. குழாய் வழியாகச் சாப்பிடும் நோயாளிகளுக்கு எந்தச் சத்துக் கரைசல் கொடுத்தால் சர்க்கரை துள்ளாமல் இருக்கும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். "உனக்குப் பதில் சொல்லியே என் வாய் தேஞ்சுபோச்சு" என்று கணவனே அலுத்துக்கொள்வான்.

அந்த வாரம் அவள் மண்டையைக் குடைந்தவர் ஒரு தையல்காரர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் மூக்குக் குழாயை நம்பிக் கிடந்தார். காலையெல்லாம் சமர்த்தாக இருக்கும் சர்க்கரை, மனைவி வந்த பிறகு விரலில் குத்திப் பார்த்தால் எகிறிக் குதிக்கும். முந்தாநாள் அதற்காக இன்சுலின் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மனுஷன் தொப்பலாக வேர்த்து, நடுங்கி, கண் செருகிவிட்டார். குளுக்கோஸ் ஏற்றி மீட்பதற்குள் எல்லாருக்கும் உயிர் போய்த் திரும்பி வந்தது.

"அந்தம்மா திருட்டுத்தனமா எதையோ ஊட்டுது. இனிமே உள்ளே விடப்போறதில்ல" என்றார் தலைமை நர்ஸ்.

துருவியும் முதலில் அப்படித்தான் சந்தேகப்பட்டாள். ஆனால் மனசு ஒப்பவில்லை. விழுங்காத தொண்டையில் எதையாவது ஊட்டினால் புரையேறாதா? நிஜமாகவே சர்க்கரை ஏறியிருந்தால் அந்த ஊசிக்கு இப்படியா சரிவார்?

"இன்னிக்கு ஒரு நாள் விடுங்க சிஸ்டர். நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினாள். இதில் விடை கிடைக்காவிட்டால் மனைவிக்கு வாசலோடு சரி. இன்னொரு தடவை தப்பாக ஊசி போட்டால் அவருக்கு உயிரே போகலாம்.

மனைவி வந்தாள். பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதைச் செத்துக் கிடந்த வலக்கையில் அண்டக் கொடுத்து, இடக்கைக் கட்டைவிரலால் தோலை அறுபடாமல் ஒரே நாடாவாக உரித்தார். கத்தரி பிடித்த கை அல்லவா! சுளை சுளையாக அவள்தான் தின்றாள். அவர் வாய்ப்பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.

தலைமை நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் அவர் விரலைத் துடைத்துக் குத்தினார். சர்க்கரை எகிறியிருந்தது.

துருவி அந்த விரலைப் பிடித்து முகர்ந்தாள். கமகமவென்று ஆரஞ்சு வாசனை. அவளுக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடி குத்தச் சொன்னாள். சர்க்கரை பரம சாது. நரம்பிலிருந்து எடுத்த ரத்தமும் அதையே சொன்னது.

"இத்தனை நாளா நாம பழத்தை அளந்திருக்கோம் சிஸ்டர்! ஸ்பிரிட்டால துடைச்சா போதும்னு நானும் நம்பிட்டேன்."

தலைமை நர்ஸுக்கு முகம் தொங்கிவிட்டது. துருவிக்கோ இன்னொரு ஏன் பாக்கி இருந்தது.

"உங்களுக்கு எதுக்கு ஐயா இந்த உரிக்கிற வேலை?"

அவர் நாக்கு குழறியது. "உரிச்சுக் குடுத்தா... சாப்பிடுவா. இல்லேன்னா... பட்டினி."

துருவி மனைவியைப் பார்த்தாள். "வேற என்னம்மா சாப்பிட்டீங்க இன்னிக்கு?"

அவள் தோலைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். "அவர் வாயில ஒண்ணும் படாம எனக்கு எப்படிம்மா இறங்கும்? இதான்."

அவர் வயிற்றுக்குப் போன ஒவ்வொரு துளியையும் அளந்த துருவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

தலைமை நர்ஸ் ஒரு சோப்பைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தார். "நாளைக்கு ரெண்டு பழமா கொண்டாங்கம்மா" என்றார்.