காதுகுத்து நேரத்தில் வந்த போன்

அம்மா. தங்கச்சி. தங்கச்சி வீட்டுக்காரர், அவரைப் பெற்றவர்கள். காது குத்த வந்த ஆசாரி. படம் எடுக்க வந்த போட்டோக்காரர். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒரு வயதுப் பிள்ளை. பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்த என் தம்பி. அப்புறம் நான்.

கட்டுமாவடிக்கு மேற்கே எங்கள் குலசாமி கோயில். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது. இரண்டு மாமன் இருந்தால் மூத்தவன் மடி. மூத்தவன் நான். வேட்டியைச் சரிசெய்து சம்மணம் போட்டேன்.

“பெரியண்ணே, சின்னண்ணன் ஒக்காரட்டுமே. எப்பவாச்சும்தானே வருது” என்றாள் தங்கச்சி.

எழுந்துவிட்டேன். தம்பி உட்கார்ந்தான்.

நான் மீன் லோடு வண்டி ஓட்டுகிறவன். அவன் வானத்தில் சுற்றுகிற சேட்டிலைட்டுக்குக் காவல். ராக்கெட் கழற்றிவிட்ட துண்டுகள் மேலேயே சுற்றுமாம். அதில் ஒன்று சேட்டிலைட் கிட்டே வந்தால் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

வலது காது குத்தியாயிற்று. பிள்ளை வீறிட்டது. அப்போது அவன் போன் அடித்தது.

“ஆபீஸ்லேருந்து. செத்த பிடிங்கண்ணே” என்று பிள்ளையை என்னிடம் நீட்டிவிட்டு வண்டி நிறுத்தியிருந்த பக்கம் போனான். எல்லாரும் பின்னாலேயே போனார்கள். போட்டோக்காரரும் போனார்.

“என்ன மச்சான், மோதிக்கிருமா?” தங்கச்சி வீட்டுக்காரர் கேட்டார்.

“பழைய ராக்கெட் துண்டு ஒண்ணு கிட்ட வருது மாப்ள. அதுக்கு ஸ்டியரிங்கும் கெடையாது, பிரேக்கும் கெடையாது. நம்மதான் ஒதுங்கணும்.”

“ஒதுங்கிர வேண்டியதுதானே?”

“ஒதுங்குனா எண்ணெ செலவாயிரும். மேல போயி யாரு ஊத்துறது? ரேடார்ல இன்னொருக்க அளக்கச் சொல்லிருக்கேன்.”

“அம்மாடி, எம்புட்டுப் பொறுப்பு!” என்றார் தங்கச்சியின் மாமியார்.

நானும்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினம் ஒதுங்குகிறேன். ஒருத்தர் வாயைப் பிளந்ததில்லை.

ஆசாரி மட்டும் என் எதிரே இருந்தார்.

“எடது காதையும் குத்திரவா? நல்ல நேரம் போயிரும்.”

“குத்துங்க.”

பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன் மறுபடி வந்தது. புதிதாக அளந்ததில் தூரம் கூடியிருக்கிறதாம். ஒதுங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கைதட்டினார்கள். காது குத்தியதற்கு யாரும் தட்டவில்லை.

“புள்ளையக் குடுண்ணே. சின்னண்ணன் மடியில வச்சு ஒரு படம் எடுத்துக்கிருவோம்” என்றாள் தங்கச்சி.

“தூங்குது” என்றேன்.

பிள்ளை கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பி அதைக் கவனித்தான். “விடு, அண்ணன்ட்டயே இருக்கட்டும்” என்றான். என் மடியையும் அவன் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த மாதம் தங்கச்சி வீட்டில் ஆல்பத்தைப் பார்த்தேன். அவன் போனும் கையுமாக நிற்கிற படம் ஒன்பது. என் மடியில் பிள்ளை இருக்கிற படம் ஒன்று.